மேட்டூர் அணை நிரம்பியும் வலை காலியாக வருவது ஏன்? மீன் பிடிக்கும் விவசாயிகள் கவனத்துக்கு

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது என்று செய்தி வந்தால் டெல்டாவில் இருந்து நாமக்கல் வரை எல்லோருக்கும் சந்தோஷம். அதே நாளில் பண்ணவாடி, கோட்டையூர், மூலக்காடு கரைகளில் நின்று கேட்டுப் பாருங்கள். "தண்ணி இருக்குது, மீனைத்தான் காணோம்" என்பார்கள். இரவு முழுக்கப் போட்ட வலையில் காலையில் ஒரு கூடை நிறைவதில்லை. அணை வற்றியிருந்தபோது கிடைத்ததில் பாதிகூட இல்லை என்ற புலம்பலும் சேர்ந்து வரும்.

இந்தக் கட்டுரை முழுநேர மீனவர்களுக்காக மட்டும் எழுதியதல்ல. கொளத்தூர், மேச்சேரி பக்கம் நிலம் வைத்துக்கொண்டு, வேலை இல்லாத நாளில் வலையோ தூண்டிலோ எடுக்கும் விவசாயிகள் இருக்கிறீர்கள். அணை வற்றும்போது கரையில் சோளமும் எள்ளும் விதைப்பவர்கள் இருக்கிறீர்கள். அணையின் உபரி நீர் வந்து சேரும் ஏரிகளில் மீன் ஏலம் எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோர் கையிலும் இந்த அணை மீனின் அடுத்த வருடம் இருக்கிறது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2023 ஜூன் 12-ல் வழக்கப்படி பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். கர்நாடகத்தில் இருந்து வரத்து இல்லை. அக்டோபர் 10-ல் மதகை மூட வேண்டியதாயிற்று. நீர்மட்டம் 30 அடியை ஒட்டி இறங்கிவிட்டது. 2024 ஜூலை தொடக்கத்தில்கூட 40 அடி அளவில்தான் இருந்தது. அந்த வருடம் ஜூன் 12-ல் மதகு திறக்கவே இல்லை. பிறகு கபினி, கிருஷ்ணராஜ சாகர் இரண்டும் நிரம்பி வெள்ளம் வந்தது. ஜூலை 30-ம் தேதி அணை 43-வது முறையாக 120 அடியை எட்டியது. ஒரே மாதத்தில் 80 அடி ஏற்றம்! 2025-ல் கதை வேறு. ஜூன் 12-ல் மதகு திறக்கும்போதே அணை முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருந்தது. ஜூன் 29-ல் 44-வது முறையாக நிரம்பி, அதன் பிறகும் பல முறை நிரம்பியது.

இப்போது கணக்குப் போடுங்கள். 40 அடியில் அணையில் இருப்பது சுமார் 12 டிஎம்சி தண்ணீர். 120 அடியில் 93.47 டிஎம்சி. ஏறக்குறைய எட்டு மடங்கு. பரப்பு 60 சதுர மைல் அளவுக்கு விரிந்துவிடுகிறது. தண்ணீர் ஒரே மாதத்தில் எட்டு மடங்கு ஆகலாம், மீன் ஆகாது. ஒரு களத்தில் குவித்து வைத்த நெல்லை எட்டுக் களத்தில் பரப்பினால் ஒரு கை அள்ளலில் எவ்வளவு வரும்? அதுதான் உங்கள் வலையிலும் நடக்கிறது. மீன் அழிந்துவிடவில்லை, பரவிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் வருவதுதான் ஆபத்து. வலை காலியாக வந்தவுடன் சிலர் கண்ணி சிறிய வலைக்கு மாறுகிறார்கள். கொசுவலை மாதிரியான வலையைக் கரையோரம் இழுக்கிறார்கள். இன்னும் சிலர் தோட்டா போடுகிறார்கள். நிறைந்த அணையின் ஓரத்தில் இருப்பது அந்த வருடம் பிறந்த குஞ்சுகள். அவற்றை வாரி எடுத்துவிட்டால், அணை மறுபடி வற்றி மீன் ஒன்றுசேரும் காலத்தில் வலையில் சேர என்ன மிஞ்சும்?

நாளிதழில் வரும் நாலு எண்ணைப் படியுங்கள்

இணையத்தில் அமெரிக்கர்கள் 'பாஸ்' மீன் பிடிக்கும் காணொளிகளை நம் பையன்கள் நிறையப் பார்க்கிறார்கள். அங்கே பெரிய ஏரிகளில் இந்த மீனைத் தேடுபவர்கள் தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் இடம் மாறுவார்கள். குளிர் விட்டு நீர் 15, 16 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது மீன் முட்டையிடக் கரைக்கு வரும். கோடையில் ஆழத்துக்குப் போகும். இலையுதிர் காலத்தில் சிறு மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடைகளின் முகத்துக்கு வரும். அந்தப் பருவக் கணக்கு தெரிந்தவருக்கே மீன் கிடைக்கும்.

நம் ஊர்த் தண்ணீர் அவ்வளவு குளிர்வதும் இல்லை, உறைவதும் இல்லை. இங்கே மீனுக்குக் காலண்டர் நீர்மட்டம்தான். தினமும் நாளிதழில் மேட்டூர் நிலவரம் என்று நீர்மட்டம், இருப்பு, வரத்து, திறப்பு போடுகிறார்கள் அல்லவா, அந்த நாலு எண் போதும். வரத்து திறப்பைவிட அதிகமானால் நீர் ஏறுகிறது. ஏறும் நீரில் மீன் கரையை நோக்கி வரும், புதிதாக மூழ்கும் புல், கருவேலம் புதர், உழவு நிலம் எல்லாவற்றிலும் இரை தேடும். திறப்பு அதிகமானால் நீர் இறங்குகிறது. இறங்கும் நீரில் மீன் கரையை நம்பாது. பழைய ஆற்றுத் தடத்தை நோக்கி நகர்ந்துவிடும். மூன்று நாளாக நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரையோரப் புதரில் வலை கட்டினால் காலையில் பாசிதான் வரும்.

எந்த மீன் எந்த மட்டத்தில் மேய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கட்லா மேல் தண்ணீரில் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அதற்கு மிதவை கூடுதலாகவும் ஈயம் குறைவாகவும் வைத்து வலை மேலே நிற்க வேண்டும். ரோகு நடுத் தண்ணீர். மிர்கால் அடி மண்ணைக் கிளறும், அதற்கு வலை தரை தொட வேண்டும். வாளை இரவில் வேட்டையாடும், பகலில் பள்ளத்தில் படுத்திருக்கும். ஒரே வலையை ஒரே மாதிரிக் கட்டி எல்லா மீனையும் எதிர்பார்ப்பது, ஒரே உரத்தை எல்லாப் பயிருக்கும் போடுவதற்குச் சமம்.

கோடை: கை நிறையும் காலம், கவனம் தேவைப்படும் காலமும் அதுதான்

ஜனவரி 28-ல் பாசனத்துக்கு மதகு மூடும் வழக்கம். அதற்குள் நீர்மட்டம் இறங்கியிருக்கும். மாசி, பங்குனி, சித்திரை என்று வெயில் ஏற ஏற அணை சுருங்கும். 70 அடிக்குக் கீழே போனால் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், பார்க்கக் கூட்டம் வரும். மீன் அப்போது பழைய காவிரித் தடத்திலும் பள்ளங்களிலும் நெருக்கமாக நிற்கும். வலை போட்டவர் கை நிறையும்.

இதில் நம்மில் பலர் கவனிக்காத ஒரு சேர்க்கை இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. சந்தைக்குக் கடல் மீன் வரத்து குறையும், விலை ஏறும், சேலம், நாமக்கல், ஈரோடு வியாபாரிகள் அணை மீனைத் தேடி வருவார்கள். ஆக, அணையில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் அதே இரண்டு மாதத்தில் மீனுக்குத் தேவை மிக அதிகம். இன்னொன்றும் அதே நேரத்தில்தான் நடக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் மழைக்கால வெள்ளத்துக்காகச் சினை பிடித்து வயிறு பருத்து நிற்பது சித்திரை, வைகாசியில்தான். கடல் மீனைச் சினைக்காலத்தில் காப்பாற்றச் செய்யும் ஏற்பாடு, அணை மீனின் சினைக்காலத்தில் அதன் மேல் பாரத்தை ஏற்றிவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை என்றாலும் நடப்பது இதுதான்.

ஒரு பெரிய கட்லாவின் கணக்கைப் பாருங்கள். உடல் எடை கிலோ ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டை வைத்திருக்கும். ஐந்து கிலோ சினைக் கட்லாவை மே மாதம் விற்றால் அந்த ஒரு மீனின் காசு கிடைக்கும். அதை ஆடி வெள்ளம் வரை விட்டுவைத்தால், லட்சக்கணக்கான முட்டையில் ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலும் நூற்றுக்கணக்கான மீன். எல்லா மீனையும் விட்டுவிடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டீர்கள், சொல்வதும் நியாயமில்லை. வீட்டுச் செலவு இருக்கிறது. ஆனால் வைகாசிக்குப் பிறகு வலையில் உயிரோடு வரும் பெரிய சினை மீனையாவது தண்ணீரில் விடலாம். அதற்குப் பதில் ஜிலேபியை எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள். 1952-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்த இந்த ஆப்பிரிக்க மீன் வருடத்தில் பல முறை குஞ்சு பொரிக்கும், குஞ்சை வாயில் வைத்தே காப்பாற்றும். அதற்கு நம் கருணை தேவையில்லை.

கோடையில் தூண்டில் போடுபவர்களுக்கு நேரம்தான் முக்கியம். விடியலுக்கு முன்னும் பொழுது சாயும் போதும் மீன் மேலே வரும், உச்சி வெயிலில் உட்கார்ந்து தலை காய வேண்டாம். ரோகு, கட்லாவுக்கு ராகிக் களியோ தவிடு பிசைந்த உருண்டையோ போதும். கெளுத்திக்கு மண்புழு, அதுவும் அடியில் கிடக்க வேண்டும். வாளைக்குச் சிறு மீனை மாட்டி இரவில் போட வேண்டும். அதன் பல் மெல்லிய நரம்பை அறுத்துவிடும், முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கோத்துக்கொள்ளுங்கள்.

புதுவெள்ளம்: மீன் எதிர்நீச்சல் போடும் நாட்கள்

ஆனி, ஆடியில் தண்ணீர் செந்நிறமாக மாறி வரத்து ஆயிரக்கணக்கான கனஅடியாகத் தாவும். பிலிகுண்டுலுவில் அளவு கூடியது என்ற செய்தி வந்ததும் மீனுக்கும் அது தெரிந்துவிடும். பெருங்கெண்டைகள் குளத்தில் தானாக முட்டையிடாது. ஓடும் நீர் வேண்டும், புது வெள்ளத்தின் குளிர்ச்சியும் கலங்கலும் வேண்டும். அதனால் சினை மீன்கள் அணையின் தலைப்பகுதிக்கு, ஒகேனக்கல் பக்கம் உள்ள ஆற்றோட்டத்தை நோக்கி ஏறும். இட்ட முட்டை 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் வெள்ளத்தோடு அணைக்குள் இறங்கும்.

இந்த ஏற்றத்தில், ஆறு அணையில் சேரும் குறுகிய இடங்களில் வலையைக் குறுக்கே கட்டினால் ஒரே இரவில் பெரிய மீன்கள் கிடைக்கும் என்பது உண்மை. மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் அது விதைநெல்லைக் குத்திச் சமைப்பது. என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். வருடம் முழுக்கக் கட்டுப்பாடு என்று பேசுவதைவிட, முதல் வெள்ளம் வந்த மூன்று, நான்கு வாரம் மட்டும் அணையின் தலைப்பகுதியில் வலை போடாமல் இருந்தாலே போதும். அதை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களே பேசி முடிவெடுத்தால் நடக்கும். அரசு ஆணை மட்டும் போட்டால் இரவில் வலை விழும்.

அந்த வாரங்களில் அணையின் விரிந்த பகுதியில் பிடிக்க ஏராளம் உண்டு. ஏறும் நீரில் புதர் ஓரமாக ஜிலேபி, சிறு கெண்டை, கெளுத்தி எல்லாம் இரைக்காக வரும். ஆழம் இடுப்பளவு உள்ள இடத்தில் வீச்சு வலையே போதும். ஆனால் பரிசலில் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். இது ஆடிக் காற்று வீசும் மாதம். 60 சதுர மைல் திறந்த தண்ணீரில் அலை கடல் மாதிரி எழும். மாலை நேரத்தில் தனியாகப் பரிசல் எடுக்காதீர்கள். முந்தின மாதம் கரையாக இருந்த இடத்தில் இப்போது முள் மரங்கள் ஒரு முழத் தண்ணீருக்குக் கீழே நிற்கும். பரிசல் கிழிவதும் வலை சிக்கிக் கவிழ்வதும் அங்கேதான்.

நிறைந்த அணை: விராலுக்குப் போங்கள்

ஆவணி முதல் கார்த்திகை வரை, நல்ல வருடத்தில், அணை நிறைந்து நிற்கும். நடு அணையில் வலை போட்டு ஏமாறுவதைவிடக் கிளை நீர்களைத் தேடுங்கள். பாலாறு, தொப்பையாறு மாதிரி ஓடைகள் அணையில் சேரும் இடங்கள், மூழ்கிய வாய்க்கால், கோரை நிற்கும் ஓரங்கள். வடகிழக்கு மழையில் இந்த ஓடைகளில் உள்ளூர் வெள்ளம் வரும் அன்று அங்கே மீன் கூடும்.

பெரிய கெண்டை பரவிப்போன இந்தக் காலத்தில் விரால் நல்ல விலை தரும். விரால் கரையோரப் பாசிக்கு அடியில் நிற்கும், மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும். அந்தக் குமிழியைப் பார்த்துத் தூண்டில் போட வேண்டும். அமெரிக்கர்கள் பாஸ் மீனுக்காகச் செய்த ரப்பர் தவளை நம் விராலுக்கும் பொருந்துகிறது. காரணம் இரண்டும் ஒளிந்திருந்து பாய்ந்து கவ்வும் மீன்கள். பாசியின் மேல் தவளையை இழுத்து, இடைவெளி வரும் இடத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள். பாய்ந்தவுடன் இழுக்காமல் இரண்டு எண்ணி இழுங்கள், வாய்க்குள் முள் போக அந்த நேரம் வேண்டும். ரப்பர் தவளை இல்லையென்றால் சின்னத் தேரையே போதும், நம் தாத்தாக்கள் அதைத்தான் மாட்டினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் மேல் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மொய்த்துக்கொண்டு நகர்ந்தால், அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கிறது என்று அர்த்தம். குஞ்சுக்கு நடுவில் தூண்டில் போட்டால் கோபத்தில் நிச்சயம் கவ்வும். பிடிப்பது எளிது. பிடித்த அடுத்த மணி நேரத்தில் ஜிலேபியும் கெளுத்தியும் அத்தனை குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். ஒரு விராலுக்காக ஒரு கூட்டத்தை இழப்பீர்கள்.

வலைக்கண்ணி பற்றி ஒரு எளிய சோதனை சொல்கிறேன். கட்லா இரண்டு வயது கடந்த பிறகே முட்டையிடும். உங்கள் வலையில் ஒரு கிலோவுக்குக் குறைந்த கட்லா தொடர்ந்து வருகிறது என்றால், இன்னும் ஒரு முறைகூட முட்டையிடாத மீனைப் பிடிக்கிறீர்கள், கண்ணி சிறியது. அடுத்த வலை வாங்கும்போது பெரிய கண்ணி கேளுங்கள். நிறைந்த நீரில் தீனி அதிகம், அந்தக் கட்லா அடுத்த கோடைக்குள் எடை கூட்டிக்கொண்டு நீங்கள் வலை போடும் பள்ளத்துக்கே வந்து நிற்கும். தோட்டா, விஷம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டுமே 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். தோட்டாவில் செத்த மீனில் பெரும்பகுதி மிதக்காமல் அடியில் போய் அழுகும். எடுப்பது கொஞ்சம், கொல்வது அத்தனையும்.

மார்கழி, தைக் குளிரில் மீன் மந்தமாகும். இந்த இரண்டு மாதத்தில் மட்டும் அதிகாலையைவிட வெயில் ஏறிய பிறகு தூண்டிலுக்கு மீன் படும். வலையைப் பழுது பார்க்கவும் நல்ல நேரம்.

கரையில் விதைப்பவர்களுக்கு

அணை வற்றினால் வண்டல் படிந்த நிலம் வெளியே வரும். சோளம், கம்பு, எள், நிலக்கடலை நன்றாக விளையும். அனுமதி சம்பந்தமான கேள்வியை இங்கே பேசவில்லை. மீனுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகிறது என்பதைச் சொல்கிறேன். 2024 ஜூலை மாதிரி நாலே வாரத்தில் நீர் ஏறினால் அறுக்காத பயிர் அப்படியே மூழ்கும். அத்தனை தட்டையும் தழையும் அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். நிலத்தில் கிடந்த யூரியாவும் டிஏபியும் கரைந்து பாசிக்கு உரமாகும். சில ஆண்டுகளாகவே பண்ணவாடி, கோட்டையூர், மூலக்காடு பக்கம் தண்ணீர் பச்சையாகிக் குமட்டும் நாற்றம் எழுவதும், நாற்றத்தைக் குறைக்க நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

பழி முழுக்க விவசாயி மேல் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரின் கழிவுநீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குத்தான் வருகிறது. தொழிற்சாலைக் கழிவு பற்றிய புகார்களும் இருக்கின்றன. ஆனால் பெங்களூரை நாம் திருத்த முடியாது, நம் கரையை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

மூழ்கிய நிலம் மீனுக்குக் கெடுதல் மட்டும் இல்லை. இயற்கையாக முளைத்த புல் மூழ்கினால் அதில் நுண்ணுயிர் பெருகி மீன் குஞ்சுக்குத் தீனியாகும், அதனால்தான் வற்றி நிறைந்த வருடத்தில் குஞ்சு நன்றாக வளர்கிறது. அளவு மீறும்போதுதான் கெடுகிறது. ஆகவே கரை நிலத்தில் நீண்ட நாள் பயிர் வேண்டாம். 65 நாளில் முடியும் பாசிப்பயறு, 80, 85 நாள் எள் இவற்றைப் பங்குனி முதல் வாரத்துக்குள் விதைத்தால் ஜூலைக்கு முன் அறுத்துவிடலாம். வண்டல் மண்ணுக்கு அடியுரமே அதிகம், மேலுரம் தேவையில்லை. அறுத்த தட்டையை வயலில் விடாமல் மாட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். ஜூன் பிறந்த பிறகு சைபர்மெத்ரின் மாதிரி மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள். அந்த வகை மருந்து மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும்.

தண்ணீர் பச்சை வர்ணம் கரைத்தது போல் இருக்கும் நாட்களில் ஆடு மாடுகளை அந்த ஓரத்தில் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியில் சில வகை நஞ்சு உண்டாக்கும், உலகின் பல நாடுகளில் கால்நடைகள் இறந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் செத்து மிதக்கும் மீனை எடுத்து விற்பதும் சமைப்பதும் வேண்டாம்.

உபரி நீர் ஏரிகளும் அணைக்குக் கீழேயும்

565 கோடி ரூபாயில் வந்த மேட்டூர் உபரி நீர்த் திட்டம் திப்பம்பட்டியில் இருந்து நீரேற்றி, சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்புவதற்கானது. உங்கள் ஏரிக்கு அந்தத் தண்ணீர் வந்தால், தண்ணீரோடு குஞ்சும் முட்டையும் வரக்கூடும். வருவது கட்லா என்று எண்ணி மகிழ வேண்டாம், ஜிலேபியும் வாளையும் விராலும் வரலாம். ஏலம் எடுத்தவர்கள் காசு கொடுத்துக் குஞ்சு விடுவதற்கு முன் இழுவலை போட்டு என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேட்டை மீன் இருக்கிற ஏரியில் ஒரு அங்குலக் குஞ்சு விட்டால் அது தீனிதான். நான்கு அங்குலத்துக்குக் குறையாத, விரல் நீளக் குஞ்சாக வாங்குங்கள், விலை கூடினாலும் பிழைப்பது அதிகம். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கன் கெளுத்தியை யார் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏரி மறுகால் பாய்ந்தால் அது சரபங்கா வழியாகக் காவிரிக்குப் போய்விடும், பிறகு பிடித்து முடியாது.

விற்பனையிலும் ஒரு கணக்கு உண்டு. அணை வற்றும் வருடத்தில் கோடையில் அணை மீன் சந்தையில் குவியும், உங்கள் ஏரியும் அப்போதுதான் வற்றும். இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் வியாபாரி சொல்வதே விலை. அணை நிறைந்து அணை மீன் குறையும் ஐப்பசி, கார்த்திகையில் ஏரியில் பெரிய மீனை மட்டும் வடிகட்டிப் பிடித்து விற்க முடிந்தால் நல்லது.

அணையின் 16 கண் மதகில் உபரி நீர் போய், பிறகு நிறுத்தும்போது கீழே பாறைக் குட்டைகளில் மீன்கள் சிக்கும். பிடிக்கக் கூட்டம் இறங்கும். மேலே வரத்து மறுபடி கூடினால் மதகு மறுபடி திறக்கும் என்பதை மறந்து இறங்காதீர்கள், அபாயச் சங்கு ஒலித்தால் மீனைப் போட்டுவிட்டு மேலே ஏறுங்கள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி கதவணைகளில் இருந்து நாமக்கல் பக்கம் சோழசிராமணி வரை இதே எச்சரிக்கைதான். மின் உற்பத்திக்கும் வெள்ளத்துக்கும் ஏற்பக் கதவுகள் இயங்கும். முழங்கால் தண்ணீர் மார்பளவு ஆகச் சொல்லிக்கொண்டு வராது. ஜேடர்பாளையம் படுகை அணையில் பிள்ளைகளோடு தூண்டில் போடுபவர்கள் கரையில் உட்கார்ந்தே போடுங்கள்.

அணைக்குள் மீன் பிடிக்க மீன்வளத்துறை உரிமம் வேண்டும். புது வலைக்குக் காசு போடுவதற்கு முன் மேட்டூர் அணையில் உள்ள மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், உரிமம், அனுமதிக்கும் கண்ணி அளவு, இந்த வருடம் எந்த இடத்தில் குஞ்சு விட்டிருக்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். குஞ்சு விட்ட இடத்தில் ஆறு மாதம் வலை போடாமல் இருக்க அந்த மூன்றாவது கேள்வி உதவும்.